வாஷிங்டன் உயில் விடுவித்தவர்களும் விடுவிக்காதவர்களும்

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: ஜார்ஜ் வாஷிங்டன் உயில் எழுதித் தன் அடிமைகளை விடுதலை செய்தார் என்று ஒரு இடத்தில் படித்தீர்கள். அவர் இறந்த பிறகும் அவருடைய தோட்டமான மவுண்ட் வெர்னனில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள் என்று இன்னொரு இடத்தில் படித்தீர்கள். எது சரி, அவர் மனைவியாவது மிச்சப் பேரை விடுவித்திருக்கக் கூடாதா என்பது கேள்வி. இரண்டும் சரி. ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒரே வீட்டில், ஒரே வயலில் வேலை செய்த மனிதர்கள் எப்படி இரண்டு வெவ்வேறு சொத்தாக இருந்தார்கள்? அதற்கு விடை வாஷிங்டனின் மனதில் கிடைக்காது. அவர் மனைவியின் முதல் கணவர் எழுதாமல் போன உயிலில்தான் கிடைக்கும்.

நான் அமெரிக்கச் சட்டம் படித்தவன் இல்லை. இங்கே சிவில் கோர்ட்டில் பல வருடங்களாகப் பாகப்பிரிவினை, உயில், வாரிசு வழக்குகள் நடத்துகிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் குடும்பத்தின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் கடிதங்களையும் படிக்க ஆரம்பித்தேன், அது விடவே இல்லை. ஆகவே நான் சொல்வது அந்தக் காகிதங்களிலிருந்து. எங்கே காகிதம் நின்று ஊகம் தொடங்குகிறது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ், வர்ஜீனியாவின் பெரும் பணக்காரத் தோட்டக்காரர்களில் ஒருவர். 1757 ஜூலையில் திடீரென்று இறந்தார். உயில் இல்லை. விட்டுப் போனது சுமார் 17,500 ஏக்கர் நிலம், முந்நூறுக்குச் சற்றுக் குறைவான அடிமைகள், 26 வயதில் விதவையான மார்த்தா, இரண்டு சிறு பிள்ளைகள். உயில் இல்லாவிட்டால் சட்டம்தான் பிரித்துக் கொடுக்கும். வர்ஜீனியாவில் 1705-லேயே ஒரு சட்டம் போட்டு, வாரிசுரிமையைப் பொறுத்தவரை அடிமைகளை நிலத்தைப் போல அசையாச் சொத்தாக ஆக்கியிருந்தார்கள். காரணம் நடைமுறை சார்ந்தது. புகையிலைத் தோட்டம் ஒருவருக்கும் அதில் உழைக்கிற ஆட்கள் வேறொருவருக்கும் போனால் தோட்டத்துக்கு மதிப்பில்லை, அதனால் இரண்டையும் ஒரே வழியில் இறங்க வைத்தார்கள். நிலத்தில் விதவைக்கு என்ன உரிமையோ அதேதான் ஆட்கள் மேலும்: மூன்றில் ஒரு பங்கு, அதுவும் அவர் உயிரோடு இருக்கும் வரைதான். நம் பத்திரங்களில் 'ஆயுள் வரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விற்கவோ தானம் செய்யவோ பாத்தியமில்லை' என்று எழுதுவோமே, அதே மாதிரி உரிமை. அவர் இறந்ததும் அந்தப் பங்கு முதல் கணவரின் வாரிசுகளுக்குப் போய்விடும்.

இதோடு 1662-ல் போட்ட இன்னொரு சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறக்கும் குழந்தையின் நிலை தாயின் நிலையே என்றது அது. தாய் அடிமையென்றால் பிள்ளை அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும். பொதுவாக இதைத் தோட்டக்காரர்கள் தாங்கள் பெற்ற பிள்ளைகளைக் கைகழுவ உதவிய சட்டம் என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் வாரிசுச் சொத்துக் கணக்கில் அது இன்னொரு வேலையும் செய்தது. விதவைப் பங்கில் வந்த ஒரு பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தாலும் அத்தனை பேரும் விதவைப் பங்கோடு சேர்ந்துவிடுவார்கள். மார்த்தாவின் பங்கில் முதலில் வந்தவர்கள் 84 பேர். 1799-ல் 153 பேர். இடையில் செத்தவர்களும் உண்டு, அதையெல்லாம் கழித்த பிறகும் இந்த எண்ணிக்கை. அந்த 40 வருடத்தில் ஒவ்வொரு பிரசவமும், பிறந்த வீட்டை நடத்தியவர் யாராக இருந்தாலும், கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்தைப் பெருக்கியது.

1759 ஜனவரியில் வாஷிங்டன் மார்த்தாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அதோடு அந்தப் பங்கின் நிர்வாகமும் வருமானமும் அவர் கைக்கு வந்தன. அவர் இந்த ஏற்பாட்டுக்குப் புதியவர் அல்ல. 11 வயதில் அப்பா இறந்தபோது பத்து அடிமைகள் அவர் பங்குக்கு வந்தார்கள். மவுண்ட் வெர்னனே அண்ணன் லாரன்ஸ் விட்டுப் போனது. அண்ணன் மனைவிக்கு அதில் ஆயுட்கால உரிமை இருந்ததால் 1754 முதல் அவரிடம் குத்தகைக்கு எடுத்திருந்தார், அவர் 1761-ல் இறந்த பிறகே அது வாஷிங்டனுக்குச் சொந்தமாயிற்று. விதவையின் ஆயுட்கால உரிமை என்றால் என்ன என்பது அவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தெரியும். மார்த்தாவின் மகள் பாட்சி 1773-ல் 17 வயதில் வலிப்பு வந்து இறந்தபோது அவள் பங்குப் பணத்தில் பாதி தாய் வழியாக வாஷிங்டனிடம் வந்தது, லண்டன் வியாபாரிகளுக்கு இருந்த கடனை அதை வைத்துத்தான் அடைத்தார். மகன் ஜாக்கி 1781-ல், சுதந்திரப் போரின் யார்க்டவுன் முற்றுகையின்போது பிடித்த முகாம் காய்ச்சலில் போனார். அவருக்கு நான்கு பிள்ளைகள். மார்த்தாவுக்குப் பிறகு விதவைப் பங்கு இந்த நான்கு பேரப்பிள்ளைகளுக்கு என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

சரி, 1799-க்கு வருவோம். அந்தக் கோடையில் வாஷிங்டன் தன் கையாலேயே ஒரு பட்டியல் எழுதினார். பண்ணைவாரியாகப் பெயர்கள், வயது, யாருக்கு யார் கணவன் அல்லது மனைவி என்ற குறிப்பு, அப்புறம் தன்னுடையவர்கள் ஒரு பத்தியில், விதவைப் பங்கினர் இன்னொரு பத்தியில். மொத்தம் 317 பேர். 123 பேர் அவருக்குச் சொந்தம், 153 பேர் விதவைப் பங்கு, சுமார் 40 பேர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாடகைக்கு எடுத்தவர்கள். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் ஜூலையில் உயில் எழுதினார். தன்னுடைய 123 பேர் மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுதலை, வயதானவர்களுக்கு உணவும் உடையும், தாய்தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு 25 வயது வரை தொழிலும் எழுத்துப் படிப்பும் என்று கண்டிப்பாக எழுதினார். போர்க்களமெல்லாம் கூடவே இருந்த வில்லியம் லீக்கு மட்டும் உடனடி விடுதலை, வருடம் 30 டாலர். ஏன் மற்றவர்களுக்கு உடனே இல்லை என்பதற்கும் உயிலிலேயே காரணம் இருக்கிறது: இவர்கள் விதவைப் பங்கு நீக்ரோக்களோடு கல்யாண உறவில் கலந்துவிட்டார்கள், பிரித்தால் மிகுந்த வேதனையாகும், அவர்களை விடுவிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்கிறார். சட்டப்படி அது உண்மை. மற்றவர் வாரிசுச் சொத்தை அவர் உயில் எழுத முடியாது.

இந்தப் பிரிவினை ஒரு குடும்பத்தில் என்ன செய்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். ஃபிராங்க் லீ என்பவர் வில்லியம் லீயின் தம்பி, 1768-ல் அண்ணனோடு சேர்த்து வாஷிங்டன் விலைக்கு வாங்கியவர், மாளிகையில் விருந்து பரிமாறும் பட்லர். அவர் மனைவி லூசி சமையல்காரி. லூசி விதவைப் பங்கு. ஆகவே ஃபிராங்க் விடுதலையானார், லூசியும் பிள்ளைகளும் ஆகவில்லை. தலைமைச் சமையல்காரர் ஹெர்குலிஸ் கதை இன்னும் கூர்மையானது. அவர் வாஷிங்டனுக்குச் சொந்தம், இறந்துபோன மனைவி ஆலிஸ் விதவைப் பங்கு, அதனால் ரிச்மண்ட், ஈவி, டீலியா என்ற மூன்று பிள்ளைகளும் விதவைப் பங்கு. 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனின் பிறந்தநாள் அன்று ஹெர்குலிஸ் ஓடிப்போனார். சில வாரங்கள் கழித்து அங்கே வந்த பிரெஞ்சு இளவரசர் லூயி ஃபிலிப்பின் வேலையாள் அவருடைய சின்ன மகளிடம், அப்பாவைப் பார்க்க முடியாதது வருத்தமாக இருக்குமே என்று கேட்டிருக்கிறார். அந்தச் சிறுமி, எனக்கு ரொம்பச் சந்தோஷம், இப்போது அவருக்கு விடுதலை கிடைத்துவிட்டதே என்றாளாம். இளவரசரின் நாட்குறிப்பில் இருக்கிறது இது. தப்பி ஓடிய ஹெர்குலிஸும் வாஷிங்டன் உயில்படி 1801-ல் சட்டப்படி விடுதலை பெற்றவராகிவிட்டார். அவர் பெற்ற பிள்ளைகள் மார்த்தாவின் பேரப்பிள்ளைகள் பங்குக்குப் போனார்கள்.

இங்கேதான் நான் பெரும்பாலோரிடம் வேறுபடுகிறேன். வாஷிங்டன் கை சட்டத்தால் கட்டப்பட்டிருந்தது என்று முடித்துவிடுகிறார்கள். கட்டப்பட்டிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டை அவர் எந்தப் பக்கம் நின்று காப்பாற்றினார் என்பதற்கும் காகிதம் இருக்கிறது. அவர் ஜனாதிபதியாகப் பிலடெல்பியாவில் இருந்தபோது பென்சில்வேனியாவில் 1780-ஆம் வருடச் சட்டம் நடைமுறையில் இருந்தது. வெளியூர்க்காரர் கொண்டுவரும் அடிமைகள் அங்கே ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் விடுதலை கேட்கலாம். 1791 ஏப்ரல் 12-ஆம் தேதி தன் செயலாளர் டோபியஸ் லியருக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்வது: ஹெர்குலிஸும் பாரிஸ் என்ற இன்னொருவரும் தவிர பிலடெல்பியா வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் விதவைப் பங்கு, இவர்கள் விடுதலையாவதைத் தடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் இவர்களின் உழைப்பு போவது மட்டுமல்ல, இவர்களுக்கான விலையையும் நானே கட்ட வேண்டி வரலாம். அதனால் ஆறு மாதம் முடிவதற்குள் எல்லையைத் தாண்டி அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறார், அதுவும் அவர்களுக்கும் பொதுமக்களுக்கும் தெரியாதபடி வேறு சாக்கு சொல்லி. ஒரு வக்கீலாக இதைப் படிக்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது: வாரிசுகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற பயம் நிஜம், அந்த பயத்துக்காக மனிதர்களை ஏமாற்றத் தயாராக இருந்ததும் நிஜம்.

அந்த வீட்டில் இருந்தவர்களில் ஒருவர் ஓனா ஜட்ஜ். தையல்காரி பெட்டியின் மகள், பெட்டி விதவைப் பங்கில் வந்தவர். தகப்பன் ஆண்ட்ரூ ஜட்ஜ் இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளைத் தையல்காரர். 1796-ல் மார்த்தாவின் மூத்த பேத்தி எலிசா கல்யாணம் செய்துகொண்டார், மாப்பிள்ளை தாமஸ் லா, கிழக்கிந்தியக் கம்பெனியில் வங்காளம், பீகார் பக்கம் உத்தியோகம் பார்த்துப் பணத்தோடு வந்தவர். ஓனாவை எலிசாவுக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்தது. மே 21 அன்று வாஷிங்டன் தம்பதி மாலைச் சாப்பாட்டில் இருந்தபோது ஓனா வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத்துக்குப் போய்விட்டார். செய்தித்தாளில் பத்து டாலர் பரிசு அறிவித்தார்கள். நிதித்துறைச் செயலாளர் மூலமாகப் போர்ட்ஸ்மவுத் சுங்க அதிகாரி வரைக்கும் ஆள் அனுப்பினார்கள். 1799-ல் மார்த்தாவின் உறவினர் ஒருவர் நேரிலேயே போய்ப் பார்த்தார், முன்கூட்டியே தகவல் கிடைத்ததால் அவர் கையில் ஓனா சிக்கவில்லை. 1848-ல் இறக்கும் வரை அவர் சட்டப்படி கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்துதான், 1662 சட்டத்தின்படி நியூ ஹாம்ப்ஷயரில் அவர் பெற்ற மூன்று பிள்ளைகளும் கூட. வயதான காலத்தில் பத்திரிகைக்காகப் பேட்டி எடுத்த ஒருவர், அங்கேயே இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கலாமே, ஓடிவந்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டார். இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றார்.

வாஷிங்டனால் வேறு வழி செய்திருக்க முடியுமா என்று கேட்பீர்கள். இது உறுதிக்கும் ஊகத்துக்கும் நடுவில் இருக்கிறது. உறுதியானது: 1794-லேயே பண்ணைகளைக் குத்தகைக்கு விட்டும் தூரத்து நிலங்களை விற்றும், தன் மனதுக்கு ஒவ்வாத ஒருவகைச் சொத்தை விடுவிக்க விரும்புவதாக லியருக்கு எழுதியிருக்கிறார். பேரப்பிள்ளைகளின் வளர்ப்புத் தந்தையிடமும் விதவைப் பங்கினர் பற்றி எழுதிப் பார்த்தார். குத்தகைக்காரர்கள் கிடைக்கவில்லை. ஆனால் உயிலோடு அவர் இணைத்த சொத்துப் பட்டியலின் மதிப்பு சுமார் 5,30,000 டாலர், பெரும்பாலும் நிலம். மார்த்தாவுக்குப் பின் உரிமை பெறவிருந்த பேரப்பிள்ளைகளுக்கு விலை கொடுத்து அந்த 153 பேரில் சிலரையாவது, குறைந்தது தன்னுடையவர்களின் மனைவி பிள்ளைகளையாவது வாங்கி விடுவித்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ரொக்கம் கையில் இல்லை என்பார்கள், அது உண்மை. நிலத்தையே பேரப்பிள்ளைகளுக்கு மாற்றாகக் கொடுத்து ஒரு குடும்ப ஏற்பாடு எழுதியிருக்க முடியும், மூன்று பேத்திகளும் அப்போது கல்யாணமானவர்கள், பேரன்தான் மைனர். இது அபிப்பிராயம் மட்டுமே.

மார்த்தாவின் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் குறிப்பாகக் கேட்டது அதுதான். 1799 டிசம்பர் 14-ல் வாஷிங்டன் இறந்தார். கணவருடைய 123 பேரை மார்த்தா தன் காலம் முடியும் வரை வைத்திருக்கலாம், ஆனால் 1801 ஜனவரி 1-ஆம் தேதியே விடுவித்துவிட்டார். தாராள மனசு என்று சிலர் எழுதுகிறார்கள். 1800 டிசம்பரில் அவரைப் பார்த்துவிட்டு வந்த அபிகெயில் ஆடம்ஸ் (அப்போதைய ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் மனைவி) எழுதிய கடிதம் வேறு மாதிரி சொல்கிறது: தன் சாவுக்காக விடுதலையை எதிர்பார்த்திருப்பவர்கள் நடுவில் தன் உயிருக்குப் பாதுகாப்பில்லை என்று மார்த்தா உணர்ந்தார், அதனால் விடுவித்துவிடுமாறு ஆலோசனை சொல்லப்பட்டது. இது இரண்டாம் கைச் சாட்சியம், மார்த்தாவின் சொந்த வாக்குமூலம் நம்மிடம் இல்லை. இருந்தாலும் அதே மாதத்தில் எழுதியது, நேரில் பார்த்தவர் எழுதியது, எனக்கு நம்பகமாகப் படுகிறது.

விதவைப் பங்கு 153 பேரை மார்த்தா விடுவித்திருக்க முடியாது, ஆயுட்கால உரிமையில் அந்த அதிகாரம் கிடையாது. சரி, அதிகாரம் இருந்திருந்தால்? அதற்கும் ஒரு காகிதம் இருக்கிறது. எலிஷ் என்ற ஒருவரை மட்டும் மார்த்தா தன் பெயரில் விலைக்கு வாங்கியிருந்தார், அவர் முழுக்க மார்த்தாவுக்கே சொந்தம், நினைத்தால் ஒரே வரியில் விடுவிக்கலாம். 1802 மார்ச்சில், இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால், உயிலோடு சேர்த்து எழுதிய குறிப்பில் எலிஷைப் பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸுக்கு, அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும் என்று எழுதி வைத்தார். மார்த்தாவின் மனநிலை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், எனக்கு இந்த ஒரு வரி போதுமானதாக இருக்கிறது.

மே மாதம் அவர் இறந்ததும் விதவைப் பங்கு நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பிரிந்தது. விடுதலையான கணவன் ஒரு இடத்தில், அடிமையான மனைவி வேறொரு தோட்டத்தில், பிள்ளைகள் மூன்றாவது இடத்தில் என்று குடும்பங்கள் சிதறின. விடுதலையான சிலர் மனைவி மக்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கூலிக்கு நின்றார்கள். வாஷிங்டன் சொன்ன முதியோர் பராமரிப்பு மட்டும் ஒழுங்காக நடந்தது, 1833 வரைக்கும் எஸ்டேட் கணக்கில் அந்தச் செலவு வருகிறது.

பேரன் கஸ்டிஸ், பாட்டியிடமிருந்து வந்த பங்கோடு அப்பா ஜாக்கியின் தோட்டங்களையும் அங்கிருந்த ஆட்களையும் சேர்த்து வைத்திருந்தவர். பொடோமக் கரையில் ஆர்லிங்டன் மாளிகையைக் கட்டினார். ஒரே மகள் மேரி, மருமகன் ராபர்ட் ஈ. லீ, பின்னால் தென்மாநிலப் படைத் தளபதி ஆனவரேதான். கஸ்டிஸ் 1857-ல் இறந்தபோது உயிலில் தன் பேத்திகள் நான்கு பேருக்கும் தலைக்குப் பத்தாயிரம் டாலர் கொடுத்த பிறகு, எப்படியும் ஐந்து வருடத்துக்குள், அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். நிறைவேற்ற வேண்டியவர் லீ. கிழவர் இறந்தவுடன் விடுதலை என்று ஆர்லிங்டனில் இருந்தவர்கள் நம்பியிருந்தார்கள். 1859-ல் வெஸ்லி நாரிஸ், அவர் சகோதரி மேரி, இன்னொரு உறவினர் மூவரும் வடக்கே போகும் வழியில் மேரிலாந்தில் பிடிபட்டார்கள். ஆண்களுக்கு ஐம்பது, மேரிக்கு இருபது சவுக்கடி கொடுக்க லீ உத்தரவிட்டார், பிறகு முதுகில் உப்புநீர் ஊற்றச் சொன்னார் என்று நாரிஸ் 1866-ல் சாட்சியம் சொன்னார். லீயின் அபிமானிகள் இதை வெகுகாலம் மறுத்தார்கள், ஆனால் பிடித்துவந்ததற்கான செலவு லீயின் கணக்கிலேயே இருப்பதால் வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் இன்று அந்தச் சாட்சியத்தை ஏற்கிறார்கள். சுமார் 200 பேருக்கான விடுதலைப் பத்திரத்தில் லீ கையெழுத்திட்டது 1862 டிசம்பர் 29, ஐந்து வருடக் கெடுவும் தாண்டியிருந்தது. டேனியல் கஸ்டிஸ் உயில் எழுதாமல் செத்து 105 வருடம் ஆகியிருந்தது.

ஆர்லிங்டனில் இன்னொரு கோப்பு இருக்கிறது. அரியானா கார்ட்டர் விதவைப் பங்கில் மவுண்ட் வெர்னனிலிருந்து கஸ்டிஸிடம் வந்தவர். அவர் மகள் மரியா. தகப்பன் கஸ்டிஸ்தான் என்று மரியாவின் சந்ததியினர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள், கஸ்டிஸ் தன் கையால் அப்படி எழுதி வைத்ததாக எந்தப் பத்திரமும் இல்லை. ஆனால் அவர் நடத்தை காகிதத்தில் இருக்கிறது: மரியாவையும் பிள்ளைகளையும் விடுவித்தார், ஆர்லிங்டனில் 17 ஏக்கர் கொடுத்து அங்கேயே குடிவைத்தார். என்னைக் கேட்டால் அந்தக் குடும்பம் சொல்வதை நம்புவேன். நிலத்தைக் கொடுத்தவர் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. உள்நாட்டுப் போரில் வரி பாக்கிக்காக அரசாங்கம் எஸ்டேட் முழுவதையும் எடுத்துக்கொண்டபோது மரியாவின் 17 ஏக்கரும் அதோடு போயிற்று. அரசாங்க உத்தியோகத்தில் இருந்த அவர் மகன் வில்லியம் சைஃபாக்ஸ் விடாமல் மனுப் போட்டு அலைந்தார். 1866-ல் காங்கிரஸ் அதற்கென்று தனிச் சட்டம் இயற்றி, அந்த 17 ஏக்கரை மரியா சைஃபாக்ஸ் பெயருக்கு எழுதிக் கொடுத்தது.